இரசாயனப் பிரிவும் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியும்

(ஒரு பாலிடெக்னிக்கின் இரசாயனப் பொறியியல் பிரிவு மாணவர் மன்றத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு பாலிடெக்னிக்கில் இரசாயனப் பொறியியல் பிரிவை நடத்துவது எப்படி என்று பேச ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஆளை அழைப்பது, தறியைப் பற்றிப் பேச உழவரை அழைப்பது போலத் தோன்றலாம். ஆயினும் தறியில் நெய்ததை உடுத்துபவர் உழவர்தாமே? அந்த உரிமையில்தான் இங்கு வந்து நிற்கிறோம். இந்தப் பிரிவால் எங்களுக்கு ஒரு நன்மை விளைந்தது. எங்கள் தவறு ஒன்றும் வெளிப்பட்டது. இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிடுவது முறை.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலத்தில் கிராம சேவகர்கள் ஊர்களுக்கு எடுத்துச் சென்றவை உரமும், நல்விதையும், கம்போஸ்ட் குழியும், கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும். 1958-ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிகள் சட்டத்தின் பயனாக ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோதும் குடிநீர் என்றால் பெரும்பாலும் கிணறுதான். கிணறு கெட்டால் ஒரு தெரு கெடும். இன்றோ ஊர்தோறும் மேல்நிலைத் தொட்டி நிற்கிறது. 2019-இல் ஜல் ஜீவன் இயக்கம் வந்தபின் வீட்டுக்கு வீடு குழாய் என்பதே குறிக்கோளாகிவிட்டது. நல்ல காரியந்தான், ஆனால் தொட்டியில் நேரும் பிழை ஒரே காலை வேளையில் எல்லா வீட்டுக் குடத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆகவே ஊராட்சித் தொட்டியின் அடியில் நிற்கும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, ஓர் இரசாயனத் தொழிலைத்தான் நடத்துகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம். எங்கள் ஒன்றியத்தில் இருநூறு வீடுகள் கொண்ட ஒரு சிற்றூரில் வயிற்றுப்போக்கு கண்டது. முதலில் இரண்டு குழந்தைகள். மறுநாள் ஒன்பது பேர். மூன்றாம் நாள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் படுக்க இடமில்லை. சுகாதார ஆய்வாளர் வந்து குளோரோஸ்கோப்பில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்து விட்டுப் பார்த்தார். மஞ்சள் நிறம் தோன்றவே இல்லை. தண்ணீரில் குளோரின் இல்லை என்று பொருள். குழாயில் வரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சிய குளோரின் இருக்கவேண்டும் என்பது இந்திய தரநிலை.

தொட்டி 30,000 லிட்டர் கொள்வது. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் வீதம் நாள்தோறும் 120 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றவேண்டும். தொட்டி இயக்குபவரின் பதிவேட்டில் ஒரு நாள் விடாமல் 120 கிராம் என்று எழுதியிருந்தது. ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர் அவர். “தினமும் போட்டேனுங்க, ஐயா” என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்கள் நம்பவில்லை. பதிவேட்டில் எழுதுவதும் தொட்டியில் போடுவதும் ஒன்றல்ல என்பது அலுவலகத்தில் பழகிய எவருக்கும் தெரிந்ததுதானே? அவரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை தயாராயிற்று.

அன்று மாலை அவ்வூர்ப் பெண் ஒருவர், இந்தப் பிரிவில் இரண்டாம் ஆண்டு பயின்றுகொண்டிருந்தவர், ஊராட்சி அலுவலக வாயிலில் எங்களிடம் வந்தார். “ஐயா, தண்ணீரைப் பார்த்தீர்கள், பவுடரைப் பார்த்தீர்களா? எங்கள் லேபில் பார்க்கட்டுமா?” என்று கேட்டார். இங்கே ஒன்றைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நாங்களும் ஒரு காலத்தில் கல்லூரியில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவர்தாம். பிளீச்சிங் பவுடர் காற்றும் ஈரமும் வெளிச்சமும் பட்டால் வீரியம் இழக்கும் என்பதைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம். அந்த மூன்று நாட்களில் அது ஒருமுறையேனும் நினைவுக்கு வரவில்லை.

பவுடரை மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் எடுத்துச் சென்றார்கள். மூன்று மாணவர்கள் தனித்தனியாகப் பரிசோதித்தார்கள். பவுடரைக் கல்வத்தில் நீர் விட்டு அரைத்து, பால்போன்ற கலவையாக்கி, அளவான குடுவையில் நிரப்பி, அதில் ஒரு பகுதியைப் பிப்பெட்டால் எடுத்துப் பொட்டாசியம் அயோடைடும் அசெட்டிக் அமிலமும் சேர்த்தால், இருக்கும் குளோரினுக்கு ஈடான அயோடின் வெளிப்பட்டுப் பழுப்பு நிறம் காட்டும். பியூரெட்டிலிருந்து ஹைப்போக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, முடிவில் ஸ்டார்ச்சு சேர்த்து, நீலம் மறையும் இடத்தைக் குறித்தால் கணக்கு முடிந்தது. நல்ல பவுடரில் குளோரின் சுமார் 33 சதவிகிதம். இருவருக்கு 9 சதவிகிதத்தை ஒட்டி வந்தது. மூன்றாமவருக்கு 6 வந்தது.

அந்த மூன்றாம் விடையைப் பற்றித் துறைத் தலைவர் பின்னர் எங்களிடம் சொன்னதைத்தான் இன்றைய பேச்சின் நடுவில் வைக்க விரும்புகிறோம். அதே சோதனையை அவர்கள் பல ஆண்டுகளாகச் செய்முறை வகுப்பில் நடத்தி வந்திருக்கிறார்கள். கடையில் வாங்கிய ஒரே டப்பா. முந்தைய ஆண்டு ரிக்கார்டு நோட்டில் எழுதியிருந்த ஒரே விடை. எவருடைய கையில் என்ன பிழை நேர்ந்தாலும் நோட்டில் அந்த விடைதான் ஏறும். இந்தப் புட்டிக்கு விடை எந்த நோட்டிலும் இல்லை. ஆகவே மூவரும் தம் கையை நம்பவேண்டியதாயிற்று. 6 என்று கண்ட மாணவர் அதை மாற்றி எழுதாமல் அப்படியே கொண்டுவந்து காட்டினார். ஏன் என்று தேடினார்கள். அவர் குடுவையைக் குலுக்காமல், மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்திருந்தார். குலுக்கி மறுபடி செய்ததும் அவருக்கும் 9 வந்தது. ‘இத்தனை ஆண்டுகளில் குலுக்காமல் எடுத்தவர்கள் எத்தனை பேரோ, ஒருவரும் எங்களுக்குத் தெரியவரவில்லையே’ என்று துறைத் தலைவர் வருந்தினார். தவறான விடையைத் துணிந்து காட்டக்கூடிய பரிசோதனைச் சாலையே நன்றாக நடக்கும் பரிசோதனைச் சாலை என்று அன்று எங்களுக்குப் பட்டது. உபகரண எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

கணக்கைப் பாருங்கள். 120 கிராம் நல்ல பவுடரில் ஏறத்தாழ 40 கிராம் குளோரின். 30,000 லிட்டருக்கு, லிட்டருக்கு 1.3 மில்லிகிராம். அந்தப் பவுடரிலோ 11 கிராமுக்கும் குறைவு, லிட்டருக்கு 0.36 மில்லிகிராம். தண்ணீரிலுள்ள அழுக்கே அதை விழுங்கிவிடும். குழாய்க்கு மிச்சம் ஏது? அவ்வூரில் குழாய் ஒன்று சாக்கடையைக் கடக்கும் இடத்தில் இணைப்பு விட்டிருந்ததும் அந்த வாரமே கண்டுபிடிக்கப்பட்டது. நோயை உள்ளே விட்டது அந்த இணைப்பு. தடுத்திருக்க வேண்டிய காவல் செத்துக் கிடந்தது.

காவலைக் கொன்றவர் யார்? தொட்டி இயக்குபவர் அல்லர். மூட்டைகள் கிடந்தது எங்கள் கிடங்கில். ஓடு உடைந்த மூலையில், சிமெண்டுத் தரையில், பலகை கூட இல்லாமல், வாய் அவிழ்ந்து, ஒரு மழைக்காலம் முழுவதும். குறிப்பாணையைக் கிழித்துப் போட்டோம். அது போதாது என்று தோன்றியதால் அவர் வீட்டுக்கே சென்று தவற்றைச் சொன்னோம். அவர், “பவுடர்ல வாசமே இல்லீங்கன்னு போன மாசமே சொன்னேனுங்க” என்றார். யாரிடம் சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை. குழந்தைகள் அனைவரும் பிழைத்து வீடு திரும்பினர். அது எங்கள் திறமையால் அன்று.

அதன்பின் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை, ஒவ்வோர் ஊராட்சியிலும் பயன்பாட்டில் உள்ள பவுடரிலிருந்து ஒரு புட்டி இப்பிரிவுக்கு வருகிறது. வகுப்பிலேயே சோதிக்கிறார்கள். முதலில் விடையைச் சதவிகிதமாக எழுதி அனுப்பினார்கள். அது எங்கள் மேசையில் நின்றுவிட்டது. தொட்டியில் ஏறும் மனிதருக்குச் சதவிகிதத்தால் ஆவதென்ன? பிறகு மாணவர்களே ஒரு மாற்றம் செய்தார்கள். 33 சதவிகிதமானால் 120 கிராம், 25 ஆனால் 158 கிராம், 20 ஆனால் 198 கிராம் என்று கணக்கிட்டு, அவரவர் தொட்டிக்கு அந்த மாதம் எத்தனை கிராம் என்பதை மட்டும் சீட்டில் எழுதினார்கள். பிளாஸ்டிக் குவளையில் கோடும் கிழித்துக் கொடுத்தார்கள். 20-க்குக் கீழே போனால் மூட்டையைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பது நாங்கள் வகுத்துக்கொண்ட விதி. குவளைக் கோடு வந்த பிறகுதான் ஏற்பாடு உயிர் பெற்றது.

இதற்கு எல்லையும் உண்டு. எஞ்சிய குளோரினை ஊரிலேயே பார்க்கவேண்டும். புட்டியில் பிடித்து இங்கே கொண்டுவந்தால் வழியிலேயே குறைந்துவிடும். கிருமிச் சோதனைக்குக் கொதிநீராவியில் சுத்தி செய்த புட்டியும் பனிக்கட்டியும் வேண்டும். அதைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்துக்கே அனுப்புகிறோம். இப்பிரிவின் சீட்டு சட்டப்படியான சான்று ஆகாது என்பதைத் துறைத் தலைவர் சீட்டின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறார். அது சரியான எச்சரிக்கை.

செலவு பற்றியும் சொல்லவேண்டும். பொட்டாசியம் அயோடைடு மலிவான சரக்கன்று. முதல் ஆண்டு அதைத் துறைத் தலைவர் தம் கைப்பணத்தில் வாங்கினார் என்று தாமதமாகவே அறிந்தோம். ஒரு பிரிவை ஒருவருடைய கைப்பணத்தில் நடத்துவது பெருமைக்குரியதாகத் தோன்றும். அவர் மாற்றலாகிப் போன மறுமாதமே நின்றுவிடும். இப்போது ஒன்றியக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றிச் சரக்குகளை நாங்கள் வாங்கித் தருகிறோம். தணிக்கையாளர் ஒருமுறை தடை எழுப்பினார்; சீட்டுகளையும் குவளையையும் காட்டினோம்; தடை நீங்கியது. தணிக்கைத் தடை நீங்குவது எத்துணை அரிது என்பதை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள்.

மத்திய அரசு 1978-79-இல் 36 பாலிடெக்னிக்குகளில் சமுதாயப் பாலிடெக்னிக் திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரியின் தொழில்நுட்பம் கிராமத்துக்குப் போகவேண்டும் என்பதே அதன் கருத்து. எங்கள் பகுதியில் நாங்கள் கண்டவரை தையலும் மின்கம்பி வேலையும்தான் ஊருக்குப் போயின. இரசாயனப் பிரிவு தன் வாசனையோடு கட்டடத்துக்குள்ளேயே இருந்தது. அதனால்தானோ என்னவோ, ‘இதைப் படித்தால் உள்ளூரில் என்ன வேலை?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். சேலம் மாவட்டத்தில் இப்படிக் கேட்பது வேடிக்கை. ஜவ்வரிசி ஆலையைப் பாருங்கள். கிழங்கைக் கழுவி, தோல் உரித்து, அரைத்து, சலித்து, மாவுப்பாலைத் தொட்டியில் படியவைத்து, குலுக்கி உருண்டையாக்கி, வறுத்து, களத்தில் உலர்த்துகிறார்கள். உங்கள் பாடப் புத்தகத்தின் அத்தியாயங்கள் வரிசையாகத் தெருவில் நிற்கின்றன. 1981-இல் ஆலைக்காரர்கள் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். 2023-இல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடும் பெற்றது. அத்துடன் புளித்துப்போன கழிவுநீரும் இருக்கிறது. அது வயலில் பாய்கிறது என்ற மனு எங்கள் மேசைக்கு வராத மாதமில்லை. சில ஆலைகள் அதிலிருந்தே எரிவாயு எடுத்து அடுப்பெரிக்கின்றன. படிதல் சோதனையைச் சுண்ணக்கட்டித் தூளில் செய்வதற்குப் பதிலாக ஓர் ஆலையின் மாவுப்பாலில் செய்து பாருங்கள் என்று துறைத் தலைவரிடம் கேட்டிருக்கிறோம். பாடத்திட்டத்துக்கு விரோதமில்லை என்றார். ஆலைக்காரர் ஒருவரும் இசைந்திருக்கிறார்.

பேச்சை நீட்ட விரும்பவில்லை. வரும்போது மூன்று புட்டிகள் கொண்டுவந்தோம். வெளியே மேசைமேல் இருக்கின்றன. ஒன்று புதிதாக வந்த சரக்கு. ஒன்று பலகைமேல் அடுக்கிய பழைய மூட்டையிலிருந்து எடுத்தது. மற்றொன்று, இத்தனைக்குப் பிறகும் ஓர் ஊராட்சியில் தரையில் கிடக்கக் கண்டது. எது எது என்று புட்டியில் எழுதவில்லை. உறையில் எழுதி ஒட்டித் துறைத் தலைவர் அவர்களிடம் கொடுத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் விடை சொல்லுங்கள். அந்த மூன்றாவது ஊராட்சியின் செயலரையும் அன்று இங்கே வரச் சொல்லியிருக்கிறோம். உறையை அவரே பிரிக்கட்டும்.