கர்ப்பகாலச் சர்க்கரை: இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்

(மார்ச் மாதம் நம் சங்கம் நடத்திய மகளிர் தினக் கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். ஆகவே மருத்துவ ஆலோசனை சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையில் நடந்ததையும், அதிலிருந்து நான் கற்றதையும் சொல்கிறேன்.

1988-ல் என் மூத்த மகன் பிறந்தான். எடை நாலேகால் கிலோ. தோள் சிக்கி, ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். பிறந்த கொஞ்ச நேரத்தில் குழந்தை துவண்டுபோனான். "சுகர் இறங்கிருச்சு" என்று தூக்கிக்கொண்டு போய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், "என்ன ஒரு புஷ்டியான பிள்ளை!" என்று திருஷ்டி கழித்துவிட்டுப் போனார்கள். எனக்கும் பெருமைதான். கர்ப்பத்தின்போது எனக்கு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கவே இல்லை. யாரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. பதினோரு வருஷம் கழித்து, 38 வயதில் எனக்குச் சர்க்கரை நோய் என்றார்கள். இந்த இரண்டையும் நான் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

2022 மார்ச்சில் என் மகளுக்கு 26-வது வாரம். முதல் மூன்று மாதத்தில் எடுத்த சர்க்கரைப் பரிசோதனை சரியாக இருந்தது. இரண்டாவது முறை எடுத்தபோது 158. "இனிப்பே சாப்பிடலையேம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று போனில் அழுதாள். வளைகாப்புக்கு வந்த ஒரு பெரியம்மா, "எங்க பக்கம் யாருக்கும் இது கிடையாதே" என்று என்னைப் பார்த்தே சொன்னார். அன்றைக்குத்தான் 1988 எனக்கு ஞாபகம் வந்தது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள், தாயின் இன்சுலின் சரியாக வேலை செய்யவிடாமல் தடுக்கின்றன. ஆறாம் மாதத்துக்கு மேல் இது அதிகமாகிறது. பெரும்பாலான பெண்களின் உடம்பு கூடுதல் இன்சுலின் சுரந்து சமாளித்துக்கொள்ளும். சிலருக்கு முடியாது. தாயின் சர்க்கரை குழந்தைக்குப் போகும், ஆனால் தாயின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தையே அதிகமாக இன்சுலின் சுரக்கிறது, கொழுத்து வளர்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும், குழந்தையின் இன்சுலின் மட்டும் மிச்சமிருக்கும். அதனால்தான் பிறந்த உடனே குழந்தைக்குச் சர்க்கரை இறங்குகிறது. என் பிள்ளைக்கு நடந்ததும் இதுவாக இருந்திருக்கலாம். இனிமேல் அதை நிரூபிக்க வழியில்லை. ஆனால் என் மகளுக்கு அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள வழி இருந்தது.

அந்த வழியைத் திறந்துவிட்டவர் நம் தமிழ்நாட்டுக்காரர், டாக்டர் வி. சேஷையா. சென்னை மருத்துவக் கல்லூரியில் நீரிழிவுத் துறையைத் தொடங்கியவர், 2022-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அவர் பிறந்த நாளான மார்ச் 10-ஐத்தான் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாக நாடெங்கும் அனுசரிக்கிறார்கள். அவர் குழுவினர் தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பரிசோதித்தார்கள். நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8, கிராமத்தில் 9.9 சதவீதம் பேருக்கு இந்தச் சர்க்கரை இருந்தது. நம் ஊர் போன்ற இடத்தில் ஏழு கர்ப்பிணிக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது பணக்கார வியாதி அல்ல.

வெறும் வயிற்றோடு வா, மறுபடி வா என்றால் தொலைவிலிருந்து வரும் பெண்கள் திரும்ப வரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அவர் வலியுறுத்திய சோதனை எளிமையானது. சாப்பிட்டிருந்தாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. குடித்த அரை மணிக்குள் வாந்தி எடுத்தால் இன்னொரு நாள் செய்ய வேண்டும். முதல் செக்கப்பில் ஒரு தடவை, அது சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு தடவை. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதைச் செய்ய வேண்டும் என்று தமிழக அரசு 2007-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குப் பணம் கிடையாது.

மகளுக்கு முதல் இரண்டு வாரம் சாப்பாடும் நடையும்தான் மருந்து. பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார். மூன்று வேளை அளவான சாப்பாடு, நடுவில் சுண்டல், மோர், முட்டை என்று சிறு தீனி. கேழ்வரகுக் கஞ்சி எவ்வளவு குடித்தாலும் ஏறாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மீட்டர் வேறு சொன்னது. அதே மாவை அளவாக அடையாகத் தட்டி, கீரையோடு கொடுத்தபோது அவளுக்கு அவ்வளவு ஏறவில்லை. நம் ஊரில் மாம்பழ சீசன் வேறு. ஒரு கீற்றோடு நிறுத்தினாள். நான் ஒரு நோட்டுப் போட்டு, என்ன சாப்பிட்டாள், இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு என்று தினமும் எழுதினேன். பழைய தொழில் புத்தி!

சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே இருக்க வேண்டும். அவளுக்கு 134-க்குக் கீழே இறங்கவில்லை. இன்சுலின் ஆரம்பித்தார்கள். "ஊசி போட்டா ஆயுசுக்கும் விடாது" என்று பயமுறுத்தாத ஆளில்லை. அந்தப் பயம் தவறு. தாயின் இன்சுலின் குழந்தைக்குப் போகாது என்பதால்தான் அதைத் தைரியமாகக் கொடுக்கிறார்கள். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். வீட்டில் உள்ள எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சர்க்கரை இருந்தால் சிசேரியன்தான் என்பதும் உண்மையில்லை. கட்டுப்பாட்டில் இருந்து, குழந்தையின் எடையும் சரியாக இருந்தால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. ஆனால் தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் எந்நேரமும் சர்க்கரை பார்க்கிற வசதியுள்ள ஆஸ்பத்திரி வேண்டும். வலி வந்த பிறகு தேடக் கூடாது.

ஜூன் மாதம் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ நூறு கிராம், சுகப்பிரசவம். குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்: 42. 45-க்குக் கீழே என்றால் கவனிக்க வேண்டும். எனக்குக் கைகால் ஓடவில்லை. சம்பந்தியம்மா சேனை வைக்கச் சீனித்தண்ணீர் கேட்டார். நர்ஸ், "தாய்ப்பாலைத் தவிர எதுவும் கிடையாது" என்று குழந்தையை மகளின் மார்பில் போட்டார். அடுத்த முறை பார்த்தபோது 58. ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்பதன் அர்த்தம் அன்றைக்குப் புரிந்தது.

இன்சுலினைப் பிரசவத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதோடு முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி அதே 75 கிராம் சோதனை அவசியம். கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்கும் மேல் என்கிறார்கள். மகளுக்கு அப்போது சரியாக இருந்தது. பேத்தியின் பிறந்த நாளுக்கு முந்தைய வாரம் வருஷா வருஷம் அவளுக்குப் பரிசோதனை. நான்தான் ஞாபகப்படுத்துவேன்.

கடைசியாக ஒரு விஷயம். காலையில் நாம் பால் வாங்கும் நேரத்திலேயே மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகள் கிளம்பிவிடும். அதில் கர்ப்பிணிப் பெண்களும் போகிறார்கள். நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் பெண்களின் அக்கா, தங்கைகள்தான் அவர்கள். சோதனை இலவசம்தான். ஆனால் இரண்டு மணி நேரம் காத்திருப்பது அவர்களுக்கு ஒருநாள் கூலி. ஆகவே சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் குடியிருப்பில் வேலை செய்யும் பெண்களில் யாராவது கர்ப்பமாக இருந்தால், சோதனைக்குப் போகும் நாளில் சம்பளத்தோடு லீவு கொடுப்போம் என்று ஒவ்வொரு வீடும் ஒத்துக்கொள்ள வேண்டும். "ரெண்டு மணி நேர டெஸ்ட் எடுத்தியா?" என்று ஒரு வார்த்தை கேட்கவும் வேண்டும்.

1988-ல் என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.