கூட்டுவோர் கூலியும் குறைந்த விலைப்புள்ளியும்

தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் குடியேறிய தமிழர் அனைவரும் பெரிய உத்தியோகங்களுக்கு வந்தவர் அல்லர். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வந்து காலூன்றியவர்கள் நம்மில் பலர். அவ்வாறு வந்த ஒருவர், பல ஆண்டுகள் பிறரிடம் மேஸ்திரியாக இருந்தபின், ஊர்க்காரர் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு தாமே ஒரு சிறு ஸ்தாபனம் தொடங்க எண்ணுவது இயல்பே. அத்தகைய ஸ்தாபனம், அரசாங்கக் காரியாலயம் ஒன்றைச் சுத்தம் செய்யும் ஒப்பந்தத்தை எவ்வாறு பெறலாம், பெற்றால் என்ன மிஞ்சும் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

வாயிற்படியைக் கடப்பது முன்போல் கடினமன்று. 2016 ஆகஸ்டில் தொடங்கிய ‘ஜெம்’ என்னும் அரசாங்க மின்சந்தையில் மத்திய அரசின் டெண்டர்களை யாரும் வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம்; பிறந்த மாநிலம் எதுவென்று அது கேட்பதில்லை. 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள ‘உத்யம்’ பதிவைப் பெற்றவர் சிறுதொழில் முனைவோராகக் கருதப்படுவர். இப்பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தரகரை வாசலோடு அனுப்பிவிடலாம். 2012-ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணையும் அதன் பின்வந்த திருத்தமும், மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு தொழில்களிடம் பெறவேண்டுமென்று கூறுகின்றன. அதில் பெண்களுக்குச் சொந்தமான ஸ்தாபனங்களுக்கு 3 சதவீதம் உண்டு. டெண்டருடன் கட்டும் முன்வைப்புத் தொகையிலிருந்தும் விலக்கு உண்டு. ஒப்பந்தம் கிடைத்தபின் கட்டவேண்டிய பிணைத் தொகைக்கு அவ்விலக்கு இல்லை என்பதை மட்டும் மறக்கலாகாது. இவை மத்திய அரசுக்குரிய விதிகள். மாநில அரசுகளும் நகராட்சிகளும் தத்தமக்கு வேறு விதிகள் வைத்திருக்கின்றன.

இதுவரை கூறியவை எளியவை. கணக்குப் போடுவதில்தான் சங்கடமெல்லாம் இருக்கிறது.

நாற்காலி வாங்கும்போது குறைந்த விலை கேட்பவருக்கு ஆர்டர் தருவதில் நியாயம் உண்டு. மரத்தைச் சிக்கனமாக அறுக்கலாம். துப்புரவில் விலை என்பது பெரும்பாலும் கூலியே. கூலிக்கோ சட்டம் ஒரு தரை போட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் மத்திய அரசு பெருநகரங்களில் கூட்டித் துடைக்கும் வேலைக்கு வகுத்த குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 783 ரூபாய். 26 நாளுக்கு 20,358 ரூபாய் ஆகிறது. அன்றைய நிலவரப்படி, சேமநல நிதிக்கு 15,000 ரூபாய் வரம்பின்மேல் 13 சதவீதமாக முதலாளி தரவேண்டியது 1,950. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் ஈட்டுறுதிக்கு 3.25 சதவீதம், அதாவது 662. போனஸுக்கு 8.33 சதவீதம் ஒதுக்கினால் 1,696. ஆக ஓர் ஆளுக்கு மாதம் 24,666 ரூபாய். இருபது பேருக்கு 4,93,320. விடுமுறையில் செல்பவருக்குப் பதில் ஆள் வைக்கும் செலவை நாம் இன்னும் சேர்க்கவில்லை.

இத்தொகையில் ஒரு காசும் ஒப்பந்தக்காரருடையதன்று. அவருக்கு உரியது அதன்மேல் கேட்கும் சேவைக் கட்டணமே. போட்டி மிகுந்து, பூஜ்யத்துக்கு அருகில் கட்டணம் கேட்டவர்களும் உண்டு. 2023 ஜனவரியில் நிதியமைச்சகத்தின் செலவினத் துறை, மின்சந்தையில் குறைந்தபட்சக் கூலிக்கு ஆள் வழங்கும் ஒப்பந்தங்களில் இக்கட்டணம் 3.85 சதவீதத்துக்குக் குறையலாகாதென்று வரையறுத்தது. நம் கணக்கில் அது ஏறக்குறைய 18,990 ரூபாய். பில் பணம் வர இரண்டு மாதம் ஆகிறதென்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதச் செலவான 9,86,640 ரூபாயை ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் புரட்டினால், மாத வட்டி 9,866 ரூபாய். கட்டணத்தில் பாதிக்குமேல் வட்டியிலேயே போய்விடுகிறது! மிச்சத்தில் கணக்கர் சம்பளம், சீருடை, மேற்பார்வை, காரியாலயத்துக்கு நடையாய் நடக்கும் பஸ் கட்டணம் எல்லாம் அடங்கவேண்டும்.

அப்படியானால் இதற்கும் குறைவாகக் கேட்டுப் பிழைத்தவர் எவ்வாறு பிழைத்தார்? அவர் தருமத்துக்குக் கடை வைத்தவர் அல்லர். இருபது பேர் என்று பில் போட்டுப் பதினாறு பேரைக் கொண்டு வேலை வாங்குவதும், வங்கியில் முழுக்கூலி போட்டுவிட்டு மறுநாள் ஒரு பகுதியை ரொக்கமாகத் திரும்ப வாங்குவதும், பிடித்த சேமநிதியைக் கட்டாமல் விடுவதும் இத்தொழிலில் அறியாதார் அறியாத வழக்கங்கள். தொழிலாளியின் 12 இலக்கச் சேமநிதி எண் அவர் எம்மாநிலம் சென்றாலும் மாறாதது. தில்லியில் பத்தாண்டு கூட்டியவர் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பும்போது கையோடு எடுத்துச்செல்லும் சொத்து அதுவே. கட்டாமல் விட்ட சேமநிதி அந்தச் சொத்திலிருந்து எடுத்ததுதான். தம் ஊர்க்காரரையே வேலைக்கு வைத்திருப்பவர் இதை எண்ணிப் பார்த்தே விலைப்புள்ளியை எழுதவேண்டும் என்பது நம் கருத்து.

கூலி கொடுக்காத ஒப்பந்தக்காரருக்குப் பதிலாக, வேலை வாங்கிய காரியாலயமே அதைக் கொடுத்துத் தீரவேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் கூறிற்று. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் அப்பொறுப்பு இருக்கிறது. தொழிலாளிகள் இதை அறிந்திருப்பது நல்லது. நேர்மையான ஒப்பந்தக்காரருக்கும் இதனால் நஷ்டமில்லை.

டெண்டர் பத்திரத்தில் தேடவேண்டிய வரிகள் சில உண்டு. மத்திய அரசின் அகவிலைப்படி ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாறுவது. இரண்டாண்டு ஒப்பந்தத்தில் கூலி நான்கு முறை ஏறலாம். அவ்வேற்றத்தைக் காரியாலயம் ஈடுசெய்யும் என்ற வரி இல்லையேல், ஏற்றம் முழுவதும் நம் தலையில் விழும். பினாயிலும் துடைப்பமும் யார் பொறுப்பு என்பதையும் அதே இடத்தில் பார்த்துக்கொள்ளலாம். பில் தாமதத்துக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 45 நாள் கெடு வைத்து, மீறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டி தரச்சொல்கிறது. இணையத்தில் முறையிடலாம். அடுத்த ஒப்பந்தம் கைநழுவுமோ என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை. அந்தப் பயம் காரணமற்றது என்று நாம் சொல்லத் துணியோம்.

இன்னும் ஒரு வரி இருக்கிறது. கட்டடத் துப்புரவு என்று தலைப்பிட்ட பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், ‘சாக்கடை அடைப்பு நீக்குதலும் மலத்தொட்டி சுத்தம் செய்தலும் இதில் அடங்கும்’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கக்கூடும். பாதுகாப்புக் கருவியின்றி மனிதரைக் கழிவுநீர்க் குழியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. முதற் குற்றத்துக்கே இரண்டாண்டு வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அவ்வேலையில் இறந்தோர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. டெண்டருக்கு முந்திய கூட்டம் நடக்குமானால், அவ்வேலையை இயந்திரமுள்ளவரிடம் தனியாகத் தருமாறு அங்கே எழுத்து மூலம் கேட்கவேண்டும். வரியை நீக்க மறுத்தால், அந்த டெண்டரை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கவேண்டியதுதான்.