கல்வாயிலில் எழுந்த பள்ளி



சீன நாட்டில் புரொட்டஸ்டன்டு சமயத் தொண்டு, 1807ஆம் ஆண்டு இராபர்ட் மாரிசன் வந்திறங்கியதோடு தொடங்கிற்று. அவ்வரலாறு முழுவதையும் விரிக்க இங்கே நேரமில்லை. குவெய்சோ, யுனான் மாநிலங்கள் கூடும் மலைப்பகுதியில் நடந்த ஒன்றை மட்டும் சொல்ல விழைகிறேன்.

அம்மலைகளில் வாழ்ந்த மியாவோ மக்கள், யீ இனத்து நிலக்கிழார்களின் குடிவாரத்தினராய், அவர்தம் ஏவலுக்கு உட்பட்டுக் கிடந்தனர். நிலமில்லை, எழுத்துமில்லை. முன்னோர் போரில் தோற்று ஆற்றைக் கடந்தபோது எழுத்தை வெள்ளத்தில் பறிகொடுத்தனர் என்ற கதை மட்டும் வழிவழியாய் வழங்கிற்று.

அருகிலிருந்த சாவ்தோங் நகரில் சாமுவேல் பொல்லார்டு என்னும் ஆங்கிலேயர் பல ஆண்டுகள் போதித்தும் கேட்டோர் சிலரே. 1904ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நான்கு மியாவோ ஆடவர் அவர் வாயிலில் வந்து நின்றனர். எங்களுக்குப் படிக்கக் கற்றுக்கொடுங்கள் என்பதே அவர்கள் வேண்டுகோள். அவர்களைத் தொடர்ந்து பத்துப் பத்தாக, நூறு நூறாக மக்கள் வந்தனர். யார்க்கும் பாரமாகாதிருக்கத் தம் உணவுக்கான மாவைத் தாமே பையில் சுமந்து வந்தனர். இதனை நீங்கள் உற்று நோக்க வேண்டும். போதகர் அவர்களைத் தேடிச் செல்லவில்லை. அவர்களே அவரைத் தேடி நடந்தனர்.

மேலோர் பொறுப்பரோ? கிணற்றில் இடுவதற்கு மியாவோக்கள் அந்நியரிடம் நஞ்சு வாங்குகின்றனர் என்று வதந்தி கிளம்பிற்று. பலர் அடிபட்டனர். 1907இல் பொல்லார்டையே சாகும் நிலைக்கு அடித்துப் போட்டனர். எனினும் நிலக்கிழார் அனைவரும் ஒரே தன்மையர் அல்லர் என்பதையும் சொல்லவேண்டும். கல்வாயில் எனப் பொருள்படும் ஷிமென்கானில் 1905இல் ஆலயமும் பள்ளியும் எழ நிலம் ஈந்தவர் ஒரு யீ நிலக்கிழாரே. மியாவோ மக்களும் தம் வறுமையிலிருந்து காசு சேர்த்துத் தந்தனர்.

இனி எழுத்தைப் பற்றி. கனடா நாட்டுக் கிரீ மக்களுக்காக ஜேம்ஸ் எவான்ஸ் அமைத்த எழுத்து முறையைப் பொல்லார்டு நினைவுகூர்ந்தார். சீனத் துணைவர் ஒருவரும் மியாவோ அன்பர்களும் உடனிருந்து உழைத்தனர். மெய்யொலிக்குப் பெரிய குறி. அதனருகே உயிரொலிக்குச் சிறிய குறி. அம்மொழியில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளே மாறிவிடும். ஆகவே சிறிய குறி நிற்கும் உயரமே குரலின் தொனியைக் காட்டுமாறு செய்தனர். எத்துணை எளிய வழி! ஆற்றில் போன எழுத்து திரும்பி வந்தது என்று மக்கள் மகிழ்ந்தனர். பள்ளியிலோ சீன மொழியையும் சேர்த்தே கற்பித்தனர். அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். தாய்மொழி எழுத்து மட்டும் கற்றவன் நீதிமன்றத்தில் தன் குத்தகைச் சீட்டைப் படிப்பது எங்ஙனம்?

1915இல் பொல்லார்டு குடற்காய்ச்சலால் மறைந்தார். மியாவோ மொழிப் புதிய ஏற்பாடு 1917இல் வெளிவந்தது. அதனை அவர் காணவில்லை.

அப்பள்ளியில் பயின்ற சூ ஹுவான்சாங் என்னும் மியாவோ இளைஞர் செங்டு நகரில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். பெருநகரில் தங்கிவிடாமல் மலைக்கே திரும்பினார். 1943இல் ஷிமென்கானில் நடுநிலைக் கல்விக்கூடம் நிறுவினார். 1955இல், அரசியல் விசாரணைகளின் நெருக்கடியில், உயிரை மாய்த்துக்கொண்டார். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் ஆலயங்கள் மூடிக் கிடந்தன. அவை மீண்டும் திறந்தபோது, அம்மக்கள் கையிலெடுத்த பாட்டுப் புத்தகங்களில் இருந்தது அந்தப் பழைய எழுத்தே.