மட்டி

ஹட்டனில் ஒரு வகுப்பில் நெய்தல் திணை கற்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளிற் பலர் கடலைக் கண்டதில்லை. லயமும் கொழுந்து மலையுமே அவர்கள் உலகம். கடற்கரைப் பொருள்களைச் சொல்லி வருகையில் 'மட்டி' என்றேன். வகுப்பே சிரித்தது. கடைசி வாங்கில் ஒருவன் தலைகுனிந்தான். கணக்குப் பிழைத்த நாளெல்லாம் அவனுக்குக் கிடைத்த பட்டம் அது. கோபத்தில் நானும் ஓரிரு முறை சொல்லியிருக்கிறேன்.

"சேர், மட்டி என்றால் மூடன்தானே?" என்று எழுந்து கேட்டான்.

அகராதி அப்படித்தான் சொல்கிறது. இரண்டு ஓடுகள் கொண்ட ஒரு சிப்பி வகைக்கும் அதுவே பெயர். அதைப்பற்றி அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம், புத்தளம் களப்புகளில், ஆழமற்ற சேற்று மணலுக்குள் மட்டி வாழ்கிறது. அதற்குத் தலை என்றோர் உறுப்பே இல்லை. இருப்பது கோடரி அலகு போன்ற தசைக்கால் ஒன்று. அதை மணலுக்குள் நீட்டி, நுனியைப் பருக்கச் செய்து, நங்கூரம்போல் ஊன்றிக்கொள்ளும். பின்னர் ஓட்டைக் கீழே இழுக்கும். இப்படிச் சிறுகச் சிறுக இறங்கி மறைந்துவிடும். இரண்டு குழாய்களின் வாய்கள் மட்டுமே மேலே தெரியும். ஒன்றினால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை உண்டு, மற்றதனால் தெளிந்த நீரை வெளியே விடுகிறது. கலங்கிய களப்பு தெளிவதில் அதற்கும் பங்குண்டு. மழை வெள்ளத்தால் உப்புக் குறைந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு பொறுத்திருக்கும். ஆனால் நாம் கண்டல் மரங்களை வெட்டி, கழிவைக் கொட்டி, மணலையும் அள்ளினால் அது எங்கே போகும்?

"இப்போது சொல், மட்டி மூடனா?" என்றேன்.

"இல்லை சேர், வேலை தெரிஞ்சவன்" என்றான்.

நேயர்களே, நெய்தல் நமக்கு அந்நியமானதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தவர்கள் நம் முன்னோர். வழியிலேயே மாண்டவர் பலர். எஞ்சியவர்களின் கைகளே இம்மலைகளைக் கோப்பித் தோட்டங்களாகவும், பின்னர் தேயிலைத் தோட்டங்களாகவும் ஆக்கின. எழுத்தறியாத அவர்களையும் மூடர் என்றவர்கள் இருந்தார்கள்.

அன்றுமுதல் என் வகுப்பில் 'மட்டி' என்ற சொல் சிப்பிக்கு மட்டுமே உரியது.