லிபர்ட்டி அவென்யூவில் ஒரு பகலுணவு

கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை அடுத்த தெரு ஒன்றில் நாற்பத்தோராண்டுகளாகக் குடியிருந்து வருபவன் நான். வெளி மாநிலத்தில் வாழும் தமிழனுக்கு நாக்கு எவ்வளவு பெரிய தொல்லை என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமென்பதில்லை. டில்லிக்குப் போனாலும், மும்பைக்குப் போனாலும், ஆமதாபாத்துக்குப் போனாலும், சென்ற முதல் மாதத்திலேயே நாம் தேடிக் கண்டுபிடிப்பவை இரண்டு: ஒன்று கோயில், மற்றொன்று காப்பிக் கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை. இவற்றுள் முதலில் தேடியது எது என்பதை அவரவர் மனச்சாட்சிக்கே விட்டுவிடுகிறேன். இந்த நாக்கைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். ஆனால் நான் உண்ட இடம் நம் நாட்டில் இல்லை. உண்ட உணவையும் நம்முடையது என்று உரிமை கொண்டாட முடியாது. அயலாருடையது என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

சென்ற ஆண்டு நியூயார்க்கில் இருக்கும் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்நகரின் குவீன்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில் என்றொரு வட்டாரம் இருக்கிறது. அதன் கடைத்தெரு லிபர்ட்டி அவென்யூ. தெருவில் இரும்புத் தூண்கள் நட்டு, அவற்றின் மேல் ரயில் பாதை அமைத்திருக்கிறார்கள். தலைக்கு மேல் ரயில் போகும்போது கீழே பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு காத்திருந்து, அது போனபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்கிறார்கள். புடவைக் கடையும், பூஜைச் சாமான் கடையும், மீன் கடையும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. 2021-ஆம் ஆண்டில் இத்தெருவின் ஒரு சந்திப்புக்கு 'லிட்டில் கயானா அவென்யூ' என்ற பெயரையும் நகரத்தார் சேர்த்துச் சூட்டினார்கள்.

கயானா தென்னமெரிக்காவின் வடகரையில் இருக்கும் நாடு. நிலப்படம் எப்படிச் சொன்னாலும், பேச்சாலும் கிரிக்கெட்டாலும் சமையலாலும் அது கரிபியத் தீவுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிரிட்டிஷார் ஆண்ட காலத்தில் அங்கே கரும்புதான் எல்லாம். 1834-இல் அடிமை முறை ஒழிக்கப்பட்டு, 1838-இல் ஆப்பிரிக்க மக்கள் முற்றும் விடுதலை பெற்றபோது, தோட்ட முதலாளிகள் வேறு கைகளைத் தேடினார்கள். 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்' என்னும் இரு கப்பல்கள் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு 1838 மே மாதம் 5-ஆம் நாள் அங்கே போய்ச் சேர்ந்தன. அன்று தொடங்கி 1917 வரை ஏறத்தாழ 2,39,000 இந்தியர் கயானாவுக்குச் சென்றனர். பெரும்பாலோர் போஜ்புரி பேசும் நாட்டுப்புறத்தார். கொல்கத்தாவில் ஹூக்ளிக் கரையிலிருந்த கூலி முகாம்களில் தங்கிக் கப்பலேறியவர்கள். கார்டன் ரீச் பக்கம் நான் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன். அந்தக் கரையிலிருந்து யார் போனார்கள், எங்கே போனார்கள் என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

சிறு தொகையினர் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் சென்றனர். அவர்களுக்கு அங்கே 'மதராசி' என்றே பெயர். (டில்லி நேயர்கள் புன்னகை செய்வது எனக்குத் தெரிகிறது.) அவர்களுடைய மொழி போய்விட்டது, பெயர்கள் நின்றன. பாட்டனுக்கு இருந்த ஒற்றைப் பெயரே பேரனுக்குக் குடும்பப் பெயராயிற்று. கயானாவில் 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. மேற்கிந்தியக் கிரிக்கெட் அணிக்குப் பந்து வீசியவர்களுள் ஒருவர் வீராசாமி பெருமாள். இப்பெயர்களை வானொலியில் கேட்டுவிட்டு, தூத்துக்குடிக்காரர் யாரோ என்று எண்ணியவர் நம்மில் உண்டு.

இனிச் சாப்பாட்டுக்கு வருவோம். என் மருமகனுக்கு வழக்கமான கடை ஒன்று அத்தெருவில் இருக்கிறது. பெரிய உணவு விடுதி அன்று, ஐந்தே மேசைகள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஆவி பறக்கும் தட்டுகளில் கறிகள் வரிசையாக இருக்கும். விரலால் சுட்டிக் காட்டினால் பெட்டியில் வைத்துத் தருவார்கள். பெரும்பாலோர் வேலை முடிந்து வருகிற வழியில் வாங்கிக்கொண்டு போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும் குடும்பமாய் உட்கார்ந்து உண்கிறார்கள். நாங்களும் அப்படி உட்கார்ந்தோம்: மகள், மருமகன், பத்து வயதுப் பேத்தி, நான்.

முதலில் வந்தது 'தால்பூரி'. பெயரைக் கேட்டு, கொல்கத்தாவில் எண்ணெயில் பொரிக்கிறார்களே அதுவென்று எண்ணினேன். வந்தது வேறு. நம் போளியை நினைத்துக்கொள்ளுங்கள். உருண்டையைத் தட்டிப் பூரணம் வைத்து மூடித் தேய்க்கும் அதே கைவேலைதான். பூரணத்தில் வெல்லம் கிடையாது. மஞ்சள் பட்டாணிப் பருப்பை வேகவைத்துப் பொடித்து, சீரகமும் பூண்டும் மிளகாயும் சேர்த்திருக்கிறார்கள். ஒன்றை விரித்தால் ஒரு கைக்குட்டை அளவு இருக்கிறது. மடித்தால் துணிபோல் மடிகிறது, உதிர்வதில்லை. தொட்டுக்கொள்ளக் கொண்டைக்கடலைக் கறியும், உருளைக்கிழங்கும், பரங்கிக்காய் மசியலும் கொடுத்தார்கள். பரங்கிக்காயில் இருந்த இனிப்பும் காரமும் என்னைச் சற்று நேரம் பேசாமல் இருக்கச் செய்தன. மருமகன் வெள்ளாட்டுக் கறி உண்டார். அதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர் எலும்பை விட்ட விதத்திலிருந்து நன்றாயிருந்தது என்று ஊகிக்கிறேன்.

பிறகு 'புலூரி' என்று சிறு உருண்டைகள் வந்தன. பருப்பு மாவில் பொரித்த போண்டாதான். தொட்டுக்கொள்ள மாங்காய்ச் சாறு. குடிப்பதற்குச் 'சாரல்' என்னும் சிவப்புப் பானம். நம் புளிச்ச கீரைக்கு உறவான செடியின் புல்லிதழைக் காய்ச்சி, இஞ்சியும் கிராம்பும் சேர்த்துச் செய்வது. பக்கத்து மேசையில் இருந்த ஆப்பிரிக்க மரபினரான ஒரு முதியவர் தேங்காய்ப்பாலில் அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்த 'குக்-அப்' சோறும், தால்பூரியும் ஒரே தட்டில் வைத்து உண்டுகொண்டிருந்தார். அதற்கடுத்த மேசையில் சீன நூடுல்ஸ் சாப்பிட்டார்கள். சீனரும் 1853 முதல் அத்தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்தவர்களே. எது யாருடைய உணவு என்று அங்கே கேட்டால் சிரிப்பார்கள் என்று மருமகன் சொன்னார். அத்தனை எளிதாக எல்லாம் கலந்துவிடவில்லை என்பதும், அந்நாட்டு அரசியலில் இந்த இரு பெரும் இனத்தாருக்குமிடையே கசப்பு மிகுதி என்பதும் எனக்குத் தெரியும். ஆயினும் அந்த முதியவருக்குத் தால்பூரி தம் தாய் வீட்டு உணவுதான்.

பருப்பு கொண்டுவந்த கடைக்கார அம்மையார் அதைச் 'சங்க்கே' செய்தது என்றார். 'சௌங்க்' என்ற போஜ்புரிச் சொல்லின் மரூஉ, பொருள் தாளிப்பு. எண்ணெயில் சீரகமும் பூண்டும் கருக விட்டுக் கொட்டுகிறார்கள், கடுகு வெடிப்பதில்லை. "கறிவேப்பிலை போடுவதுண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. இலையின் உருவத்தையும் மணத்தையும் சொன்னேன். "ஓ, கராபுலே!" என்றார்.

நேயர்களே, கையிலெடுத்த கவளத்தை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன். கருவேப்பிலை என்ற சொல், சொல்ல ஆளில்லாமல் கடல் கடந்து கிடந்து, தேய்ந்து, அப்படி ஆகியிருக்கிறது. கரிபியத்தில் குவாதலூப் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அங்கும், பக்கத்துத் தீவான மார்த்தினிக்கிலும் 1853, 1854 முதல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய நம்மவர் குடியேறினர். மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள் எல்லாம் இடித்த பொடியில் அத்தீவினர் செய்யும் கறிக்குக் 'கொலம்போ' என்று பெயர். அது கொழும்பு நகரமா, நம் குழம்பா என்று வழக்கு இருக்கிறது. நான் குழம்பின் பக்கம். சான்று கேட்டால் என் வயிற்றைத்தான் காட்ட முடியும்.

நான் தமிழன் என்று அறிந்ததும் அம்மையார் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். அவரும் மதராசி வழிதானாம். கொள்ளுப்பாட்டனாரின் தகப்பனார் சென்னையிலிருந்து போனவர். தமிழில் ஒரு சொற்றொடரும் அவருக்குத் தெரியாது. கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே பள்ளிக்கூட நோட்டுத்தாள் ஒன்று. காலஞ்சென்ற அவர் தந்தையார், தாம் சிறுவயதில் கேட்ட சொற்களை ஆங்கில எழுத்தில் குறித்துவைத்தது. நான்கே சொற்கள்.

"முதல் மூன்றும் எனக்குத் தெரியும், அங்கிள். எங்கள் மாரியம்மன் கோயிலில் இன்றும் சொல்கிறோம்" என்றார். மஞ்சத்தண்ணி, வேப்பலை, தப்பு. தப்பு என்பது பறையைப் போன்ற அந்த மேளம். கயானாவில் இன்றும் அதே பெயரில் அதை அடிக்கிறார்கள். "நான்காவது எங்கள் ஊரின் பெயர். அதை எப்படிச் சரியாக உச்சரிப்பது என்று நீங்கள் சொல்ல வேண்டும்."

எழுத்துக் கூட்டினேன். கரிபட்டி என்று வந்தது. காரிப்பட்டியாக இருக்கலாம், சேலத்துக்குக் கிழக்கே அப்படி ஓர் ஊர் இருக்கிறது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் பேத்தி, தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது கருப்பட்டி! பாட்டி அனுப்புவாளே, அந்த ஸ்வீட்!" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிவிட்டாள்.

இந்தக் குழந்தைக்குத் தமிழ் கற்பிக்க என் மகள் படும் பாடு கொஞ்சமன்று. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். 'அணில்' என்ற சொல் அவளுக்கு ஒவ்வொரு ஞாயிறும் மறந்துபோகும். ஆனால் சுக்கு தட்டிப் போட்டுக் கருப்பட்டி கரைத்து என் மனைவி தரும் காப்பி நினைவிலிருக்கிறது. ஆகவே சொல்லும் இருக்கிறது.

அம்மையார் என்னைப் பார்த்தார். "இனிப்பா?" என்றார். பனைமரத்துச் சாற்றைக் காய்ச்சிச் செய்யும் வெல்லம் என்று சொல்ல வேண்டியதாயிற்று. தலைக்கு மேல் ரயில் ஒன்று போயிற்று. அது போய் முடியும்வரை எவரும் பேசவில்லை. "நாற்பது வருஷமாக என் பிள்ளைகளுக்கு இதுதான் நம் ஊர் என்று சொல்லி வந்திருக்கிறேன்" என்றார். வாழ்நாளெல்லாம் கரும்பு வெட்டியவன் பனைவெல்லத்தின் பெயரைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான் என்பதும் நடக்கக்கூடியதே. நான் அவசரமாக, "ஊராகவும் இருக்கலாம் அம்மா, உறுதியாகச் சொல்ல முடியாது" என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கை தரவில்லை.

அவர் எழுந்து போய்விட்டார். மகள் பேத்தியின் தொடையில் கிள்ளினாள். சற்றுப் பொறுத்து அம்மையார் ஒரு பொட்டலம் புலூரியைக் கொண்டுவந்து குழந்தையின் முன் வைத்து, "தெரிந்ததைத்தானே சொன்னாள்" என்றார். அதற்கு விலை வாங்கவில்லை. நான்கு சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதித் தரக் கேட்டார். பில்லின் பின்புறத்தில் எழுதினேன். நான்காவதை இரண்டு விதமாக எழுதினேன்.

அன்றிரவு வீட்டில் நிலப்படத்தைத் துருவியபோது, மதுரை மாவட்டத்தில் சோழவந்தானை அடுத்துக் கருப்பட்டி என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கக் கண்டேன். மறுநாளே போய்ச் சொன்னேன். "அப்படியானால் ஊரும் உண்டு, இனிப்பும் உண்டு, ஆனால் எது எங்களுடையது என்று தெரியாது" என்று சொல்லிவிட்டு, அம்மையார் அடுத்த வாடிக்கையாளருக்குப் பெட்டி கட்டத் தொடங்கினார்.

கொல்கத்தா திரும்பியபின், அமெரிக்கா சென்ற நண்பர் ஒருவர் கையில் ஒரு கிலோ கருப்பட்டி கொடுத்தனுப்பினேன். மகள் தொலைபேசியில் விவரம் சொன்னாள். கடைக்கார அம்மையார் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, எண்பத்தெட்டு வயதான தம் அத்தைக்கு ஒரு துண்டு கொடுத்தாராம். ஏதேனும் நினைவுக்கு வருமென்று எதிர்பார்த்திருக்கிறார். கிழவிக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம்.

அந்தக் குடும்பம் ஊரைத் தேடுவதை நிறுத்தவில்லை. சேலத்துக் காரிப்பட்டியிலோ, சோழவந்தான் பக்கத்துக் கருப்பட்டியிலோ, இவற்றைப் போல ஒலிக்கும் வேறெந்தச் சிற்றூரிலோ பிறந்து, இன்று வெளி மாநிலத்திலிருந்து இதைக் கேட்கும் அன்பர் எவரேனும் இருக்கலாம். முன்னொரு காலத்தில் கப்பலேறிப் போய்த் திரும்பாதவரைப் பற்றித் தங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருந்தால், வானொலி நிலையத்தின் முகவரிக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள். நான் அனுப்பி வைக்கிறேன்.