நஷ்டம் யார் தலையில்?



சர்க்காரும் தனியாரும் கூட்டாக நடத்தும் பெரும்பணியில் லாபத்தைப் பங்கிடும் விதத்தைச் சொல்லப் பத்துப் பேர் முன்வருவார்கள்; நஷ்டம் வந்தால் அது எவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று கேட்டால்தான் சபை மௌனமாகிவிடுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் பாத்தியதை திருப்பூரைவிட வேறெந்த ஊருக்கு இருக்கிறது?

மூத்தவர்களுக்கு அந்த நாட்கள் நினைவிருக்கும். விடியுமுன்னரே சாயப்பட்டறை வாசலில் டேங்கர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். எங்கெங்கோ கிராமத்துக் கிணறுகளை இறைத்துக் கொண்டுவந்த தண்ணீர் ஒரு லோடு உப்பாகிவிட்டால், சாயம் சீராகப் பிடிக்காது, துணி திட்டுத் திட்டாகும், கப்பலேற வேண்டிய சரக்கு மூலையில் கிடக்கும். இந்தத் துயரத்தைத் தீர்க்கவே 1995-இல் தமிழக அரசும், ஏற்றுமதியாளர் சங்கமும், ஐ.எல். அண்டு எஃப்.எஸ். என்னும் நிதி நிறுவனமும் சேர்ந்து ஒரு கம்பெனியை உண்டாக்கின. ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய் செலவில், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீரைப் பவானி ஆற்றிலிருந்து கொண்டுவர முப்பதாண்டு ஒப்பந்தம் எழுதின. பட்டறைகள் கொடுக்கும் உயர்ந்த விலையைக் கொண்டு வீடுகளுக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் குறைந்த விலையில் குடிநீர் தருவது என்ற அந்த ஏற்பாட்டை நான் இன்றும் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால், ஆறு வற்றினால் என்ன செய்வது என்று யோசித்து அதற்கென நிதி வைத்த மகாமேதாவிகள், தண்ணீரை வாங்குவோரே இல்லாமற்போனால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. உள்ளே வரும் தண்ணீருக்கு விலை எழுதியவர்கள், சாயக்கழிவாகி நொய்யல் ஆற்றுக்குப் போகும் தண்ணீரைப் பட்டறைக்காரர்களின் பாடு என்று விட்டுவிட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம், கழிவைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது, 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே அடியாக நின்றன. குழாயில் தண்ணீர் இருந்தது. வாங்க ஆள் இல்லை!

அந்த நொய்யலின் மேலுள்ள ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு விவசாயி. பெயர் சொன்னால் அவர் விரும்பமாட்டார். தம் தோப்புக்கு என்னை அழைத்துப் போய், சூம்பிப்போன தேங்காயொன்றை உடைத்து, அந்த இளநீரைக் கையில் ஊற்றி, “குடிச்சுப் பாருங்க” என்றார். உப்பு! அந்த மனிதர் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடவில்லை. எந்தப் பங்கும் வாங்கவில்லை. ஆயினும் முதல் நஷ்டம் அவருடையது. நொய்யல் பாசன விவசாயிகளான ஆயக்கட்டுதாரர்கள் இந்தக் கழிவுக்கு எதிராக நீதிமன்றப் படி ஏறியதைத் தொழிலுக்கு விரோதம் என்று தூற்றியவர்கள் இந்த ஊரிலேயே இருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

மேடைக்கு மேடை சிலர் முழங்குகிறார்கள்: “தனியார் வந்தால் அபாயத்தையும் அவரே சுமப்பார்” என்று. சரித்திரத்தைப் படித்தவர்களா இவர்கள்? 1849-இல் ரயில் கம்பெனிகளோடு கிழக்கிந்தியக் கம்பெனி எழுதிய ஒப்பந்தம் என்ன? நிலம் இலவசம், போட்ட முதலுக்கு ஐந்து சதவிகித உத்தரவாதம், வண்டி ஓடி வருமானம் குறைந்தால் மீதியை இந்தியப் பிரஜைகளின் வரிப்பணம் ஈடுகட்டும். 1856-இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னாட்டின் முதல் பயணிகள் ரயிலும் அந்த உத்தரவாதத்தின் மேல்தான் ஓடிற்று. இந்திய சர்க்காரின் நிதி மந்திரியாக இருந்த மாஸி என்பவரே 1872-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக் குழுவின் முன், ஐந்து சதவிகிதம் நிச்சயம் என்றானபின் தம் பணம் செங்கல்லாயிற்றா, ஹூக்ளி நதியில் கொட்டப்பட்டதா என்ற கவலை முதலாளிக்கு இல்லை என்று சாட்சி சொன்னார். வாரத்துக்கு உழுதால் விளைச்சல் பொய்க்கும் ஆண்டில் நிலக்காரரும் உழவரும் சேர்ந்தே பட்டினி கிடப்பார்கள்; இதுவோ ஒருவர் மட்டும் பட்டினி கிடக்க எழுதிய குத்தகை. அந்தக் குத்தகையையே புதிய காகிதத்தில் எழுதிக் கூட்டு முயற்சி என்று பெயரிட்டால் ஒப்புவோமா?

எந்த அபாயத்தைத் தடுக்கும் சக்தி எவரிடம் உண்டோ அதை அவரே சுமக்கட்டும். கட்டுமானம் தாமதமானால் காண்ட்ராக்டர். நிலமும் அனுமதியும் சட்டமும் தவறினால் சர்க்கார். வானம் பொய்த்தால் இருவரும். நொய்யலில் கழிவு ஓடியதைத் தடுக்கும் அதிகாரம் சர்க்காரிடம் இருந்தது. அந்தப் பொறுப்பை அன்றே காகிதத்தில் எழுதியிருந்தால், பின்னர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுக்க நேர்ந்திருக்குமா? வேலையிழந்த கூலிக்காரர் மூட்டை முடிச்சோடு ரயிலேறியதற்கு அந்தக் கணக்கில் ஒரு பைசாவும் இல்லை. அந்தத் தென்னந்தோப்புக்காரருக்கும் இல்லை. அவரை நான் மறக்கமாட்டேன்!

ஆகவே இந்தச் சபையின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். நகராட்சிகளும் மாநகராட்சிகளும் இனித் தனியாரோடு எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாலும், எந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்னும் அட்டவணையைத் தமிழில் அச்சிட்டு, கையெழுத்திடுவதற்கு முன்பே மன்றத்தில் வாசிக்க வேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் ஆயக்கட்டுதாரர்களையும் அழைத்து அவர்கள் ஆட்சேபணையைப் பதிவுசெய்ய வேண்டும். ஆமோதிப்பவர்கள் கை தூக்குங்கள்!