பேங்களூர்டு: ஓர் ஊர்ப்பெயர் வினையான கதை

 

1. வழக்கு

‘பேங்களூர்டு’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றித் துறைக் கூட்டங்களில் தொடங்கித் தேநீர் மேசை வரை நீண்ட சண்டை அவையில் பலருக்கும் பாதியாவது தெரியும். அமெரிக்காவில் ஒருவர் பார்த்துவந்த வேலை இந்தியாவுக்கு மாற்றப்பட்டு அவர் வீட்டுக்கு அனுப்பப்பட்டால், அவர் ‘பேங்களூர்டு’ ஆனார் என்பார்கள். 2004 அதிபர் தேர்தலை ஒட்டிய நாள்களில் அந்தச் சொல் டி-சர்ட்டிலும் ஏறியது. தேர்தல் காலக் கேலி, ஆய்வுக்கு உதவாது என்பது ஒரு கட்சி. ஊரைப் பழிக்கும் வசை என்பது மற்றொரு கட்சி. முறைப்படி பிறந்த நல்ல வினை என்பதே இவ்வுரையின் கட்சி.

2. ஷாங்காயும் பெங்களூரும்

19ஆம் நூற்றாண்டில் சான் பிரான்சிஸ்கோ போன்ற துறைமுகங்களில் கப்பலுக்கு ஆள் குறைந்தால், மதுவிடுதியில் ஒருவனை மயக்கியோ அடித்தோ தூக்கிப் போவார்கள். அவன் கண் விழிக்கும்போது கரை மறைந்திருக்கும். அவன் ‘ஷாங்காய்டு’ ஆனான் என்றது ஆங்கிலம்.

இரு வினைகளும் ஒரே அச்சு. ஊர் என்பது போய்ச் சேரும் திசை மட்டுமே. பாதிக்கப்பட்டவர் எழுவாய்; செய்தவர் பெயர் வாக்கியத்தில் தலைகாட்டாது. வேறுபாடு ஒன்றுதான்: அங்கே ஆள் போனான், இங்கே ஆள் இருந்த இடத்திலேயே இருக்க, வேலை போனது.

அப்படி வேலை மட்டும் கடல் கடக்க வழி வேண்டுமே! 1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூர் மில்லர்ஸ் சாலை சோனா டவர்ஸில் வடிவமைப்பு மையம் திறந்தது. தனக்கென்றே செயற்கைக்கோள் தொடர்பும் அமைத்துக்கொண்டது. அதற்கான கருவிகள் மாட்டுவண்டியில் வந்து இறங்கிய கதையை இவ்வூர் மென்பொருள்காரர்கள் இன்றும் சொல்வார்கள். ஆள் பயணம் செய்யாமலே அவர் உழைப்பு டெக்சாஸ் போய்ச் சேர அந்த இணைப்பு வழி செய்தது.

வழி திறந்த பின் பழி யார்மேல் என்பது அடுத்த கேள்வி. 2009 மே மாதம் ஒபாமா, பஃபலோவில் வேலை உருவாக்குவதைவிடப் பெங்களூரில் உருவாக்கினால் வரி குறைகிற சட்டத்தைச் சாடினார். அவர் கைகாட்டியது சட்டத்தை. ‘பேங்களூர்டு’ என்ற வினையோ சட்டத்தையும் சொல்லாது, வேலையை மாற்றிய நிர்வாகத்தையும் சொல்லாது. ஊர்ப்பெயரை மட்டும் முன்னே தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வசை என்று கொதிக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டியது இந்த ஒளிவுமறைவைத்தான்.

3. பெயர் மாற்றம்

2014 நவம்பர் 1 முதல் ஊர் ‘பெங்களூரு’ ஆனதால் வினையும் காலாவதி என்கிறார்கள். அரசிதழின் அதிகாரம் பெயர்ப்பலகையோடு சரி. மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் மெக்ளின்டாக் 1912இல் இங்கே உருவாக்கி, 1944இல் நார்மண்டிக் கரையில் முள்வேலிகளைத் தகர்த்த வெடிகுழாய் இன்றும் ‘பேங்களூர் டார்பிடோ’தான்.

4. இனிச் செய்ய வேண்டியவை

நேரம் முடிந்துவிட்டது, தலைப்புகளை மட்டும் சொல்லி அமையலாம். இவ்வினை செய்வினையாக வந்த இடங்களைத் தொகுக்க வேண்டும். கன்னட, தமிழ் நாளிதழ்கள் இதை எப்படி எழுதின என்று பார்க்க வேண்டும். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கைவிட்டுப் போனவர்களின் பேச்சுமொழியும் பதிவாகவில்லை. ‘பெஞ்ச்ல இருக்கான்’ (பணித்திட்டம் இல்லாமல் காத்திருக்கிறான்), ‘பேப்பர் போட்டுட்டான்’ (வேலையை விட்டு விலகிவிட்டான்) ஆகிய இரண்டிலிருந்தே இளம் ஆய்வாளர் ஒருவர் தொடங்கலாம்.